கழுதை பெயரில் ஒரு சிம்

ஒரு காட்டில் ஒரு கழுதை இருந்தது. நான்தான். கதையில் சிங்கமாக வர எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததைத்தானே சொல்ல வேண்டும்?

எங்கள் காட்டின் ஓரத்து முகாமில் நவமணி என்கிற கடலாமை இருந்தார். அக்கரைக் காடு தீப்பற்றி எரிந்தபோது நீந்தி வந்தவர். வந்து முப்பத்து நாலு வருடம் ஆகிறது. வீட்டையே முதுகில் சுமந்தும் முகவரி இல்லாதவர். அவர் மகள் நிரோஜினி எங்கள் காட்டு மணலில்தான் பொரிந்தாள். பள்ளியில் முதல் மதிப்பெண். நர்ஸிங் படித்தே தீருவேன் என்று நின்றாள். விண்ணப்பிக்க ஒரு செல்போன் எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும்.

சிம் விற்கும் நரி, முகாம் அட்டையைப் புரட்டிப் பார்த்தது. "இது செல்லாதும்மா. நீங்க இந்தக் காட்டுலதான் இருக்கீங்கங்கறதுக்கு ஆதாரம் வேணும்."

"பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா அதிகாரி யானை வந்து எங்களை எண்ணிப்போட்டுத்தானே போறார்?" என்றார் நவமணி.

"அது நீங்க ஓடிப்போகலைங்கறதுக்கு ஆதாரம். இருக்கீங்கங்கறதுக்கு இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. என் அட்டையை எடுத்து மேசையில் வீசினேன். "என் பேர்ல போடுய்யா!" என் தாத்தா எந்தக் காட்டிலிருந்து வந்தார் என்று எனக்கே தெரியாது. நரி கேட்கவும் இல்லை. வங்கிக் கணக்கையும் என் பெயரிலேயே தொடங்கினோம். அன்று முழுக்க என் பெருந்தன்மையைக் காடெல்லாம் கத்தித் தீர்த்தேன்.

ஒரு மாதத்தில் கல்லூரிக் கடிதம் வந்தது. மதிப்பெண் அவளுடையது, எண் என்னுடையது, கணக்கும் என்னுடையது. மூன்றில் இரண்டு நான் என்பதால் கணினி சீட்டை எனக்கே கொடுத்துவிட்டது. உறையில் 'செல்வி கழுதை' என்றிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். கல்லூரி அலுவலகத்து ஒட்டகச்சிவிங்கி கழுத்தை இறக்கிக் கேட்டது: "உங்க சிம்மை அகதிக்குக் குடுத்தீங்களா? அது குற்றமாச்சே!"

என் காது இரண்டும் தொங்கிப்போயின. "இல்லீங்க, மார்க் என்னுதுதான்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரெக்கார்டு நோட்டெல்லாம் நிரோஜினிதான் எழுதித் தருகிறாள். நேற்றுகூட முகாம் வாசலில் நோட்டைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணை, ஊசி போடேக்க கண்ணை மூடாதேங்கோ. ஆருக்கோ நோகும்."

நீதி: பிறருக்கு மனமுவந்து உதவுங்கள். பலன் நிச்சயம் உங்களுக்கே வந்து சேரும்.