முதுகில் நடக்கும் ஊசி

நாச்சியார் புருஷனை விட்டு ஓடிவிட்டாள் என்று இலத்தூர்த் தெருவில் பேசித் திரிகிறவர்களே, வாயைக் கொஞ்சம் மூடுங்கள். அவள் புருஷனை எங்கே விட்டாள்? அவர் முதுகில் இருக்கிற ஊசியைத்தான் விட்டுப் போனாள். முதுகூசிக்காரர்களை உங்களுக்குத் தெரியாதா? தெருவுக்கு ஒருவர் உண்டு.

நாச்சியாரின் வீட்டுக்காரர் ஆவுடைநாயகம் அந்த இனத்தில் மூத்தவர். என்றைக்கோ குடலிறக்கத்துக்கு, முதுகில் மரத்துப்போகிற ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். அன்றிலிருந்து இடுப்பு வலித்தால் காரணம் அந்த ஊசி, பல் வலித்தால் ஊசி, முடி கொட்டினால் ஊசி, மருமகன் பொங்கலுக்கு வராமல் போனாலும் எப்படியோ சுற்றி வளைத்து அதே ஊசி. ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்கப் போனாலும், ஆப்பிள் பையைக் கீழே வைக்கும் முன்பே, "முதுகுலயா போட்டாவ?" என்பார். ஆமென்றால் துக்கம் விசாரிப்பார். சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்குப் போய், எண்ணெய் தேய்த்து, அருவி மொத்தமும் முதுகில் விழ நிற்பார். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கமாட்டார். எண்ணெய் தேய்க்கும் வேல்சாமியே பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

"அண்ணாச்சி, போன சாரலுக்கு இடது பக்கம்லா வலிக்குன்னு சொன்னிய?"

"ஊசி நடக்குதுலே!"

எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, நாச்சியாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி வரும்வரை. உதிரப்போக்கில் முகம் வெளுத்து, சுவரைப் பிடித்து நடந்தாள். தென்காசி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: முதுகில் போட்டால் ஆபரேஷன் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் மரத்தே இருக்கும், வலி மெல்லத்தான் வரும், முழு மயக்கம் என்றால் விழித்ததுமே வலி தெரியலாம், அதற்கும் மருந்து உண்டு, எதுவானாலும் தள்ளிப்போட வேண்டாம்.

ஆவுடைநாயகத்தின் காதில் முதல் சொல்லோடு கதவு சாத்திக்கொண்டது. முதுகா? கூடவே கூடாது. சரி, முழு மயக்கம்? எழும்பாமலே போய்விட்டால்? அடுத்த மாதம் பார்ப்போம். அடுத்த மாதமும் அதையே சொன்னார். வலிக்கிறது யாருக்கு, பயப்படுகிறது யார்?

ஒரு காலையில் நாச்சியாரின் தங்கை சங்கரேஸ்வரி ஆட்டோவோடு வாசலில் வந்து நின்றாள். நாச்சியார் பையை எடுத்தாள்.

"ஏட்டி, முதுகுல மட்டும் போட விடாத!"

"எங்க போடணும்னு டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஒல கொதிக்கு. அரிசியப் போடுங்க."

"இடுப்பு பிடிச்சிருக்குட்டி..."

"பிடிச்சா பிடிச்சிக்கிட்டே வடிங்க."

படியிறங்கிவிட்டாள்.

சிரிக்கிறீர்களாக்கும்? நாற்காலியை விட்டு எழும்போது உங்கள் கை எங்கே போகிறது? வாய் எந்த டாக்டரைத் திட்டுகிறது? உங்கள் வீட்டிலும் ஒருத்தி பையில் சேலையை மடித்து வைத்திருக்கிறாளா என்று எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.