எரர் அண்ணையின் கொம்பைலர்

கொம்பைலர் ரன்டைம் என்றால் என்ன? ஒரு கோடைகாலம் முழுக்கப் பாடம் கேட்டும் எனக்கு இன்றுவரை விடை தெரியாது. பாடம் எடுத்தவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தோல்வியை அவரைப்போலச் சந்தோஷமாக அறிவிக்கக்கூடியவர் மொன்றியலில் வேறு எவருமில்லை. "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டால், "இண்டைக்கும் எரர்!" என்பார். செயின்ட்-மிஷேலில் எங்கள் கட்டடத்துக்கே அவர் எரர் அண்ணை.

ஜூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறும். நடைபாதையில் விட்டுப்போன சோபாக்களை மற்றவர்கள் தூக்கினார்கள். அவரோ ஒரு சாம்பல் நிறக் கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். அதன் புரொசசரை எந்த மென்பொருளும் ஆதரிப்பதில்லையாம். அதனாலேயே அதில் அவருக்குக் காதல். நாம் எழுதும் நிரலை அதற்குப் புரியும் மொழிக்கு மாற்றித்தரும் கொம்பைலரைத் தானே கட்டப்போவதாகச் சொன்னார்.

அவர் கீழ்வீடு. அந்தக் கணினிப் பெட்டி ஓடினால் எங்கள் தரை அதிரும். எனக்கோ பிரெஞ்சுப் பரீட்சை. தேறினால்தான் தாதியர் கல்லூரியில் இடம். எட்டு மாத மகள் பகலில் கண்மூடினால்தான் படிப்பு. அவளோ மூடமாட்டாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கக் கீழே போனேன்.

"அண்ணை, இந்தச் சத்தத்திலை பிள்ளை எப்பிடி நித்திரை கொள்ளும்?"

"தங்கச்சி, அவள் நித்திரை."

பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

மறுநாளிலிருந்து மகளை அதிரும் தரையிலேயே கிடத்தினேன்; என் படிப்பு அந்தப் பெட்டியின் கையில். பத்தாவது நிமிடம் எரர் வரும், விசிறி அடங்கும், மகள் வீறிடுவாள். நான் கீழே ஓடுவேன்.

"இப்ப என்ன அண்ணை?"

"இந்தப் பெட்டியின்ரை மூளைக்கு வகுக்கத் தெரியாது. ரன்டைம்தான் பக்கத்திலை நிண்டு வகுத்துக் குடுக்கிறது. அந்த ரன்டைமையே கட்ட ஏலாமல் கிடக்கு."

"அப்ப அது டியூஷன் வாத்தியாரோ?"

"ஓம்." யோசித்தார். "இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போக முதலே தேவை."

புரிந்ததுபோலத் தலையாட்டினேன். அவர் திருத்தத் திருத்த எரர் பிந்தி வந்தது: நாற்பது நிமிடம், ஒரு மணி, இரண்டு மணி. பிரெஞ்சு வினைச்சொற்கள் ஒவ்வொன்றாக வசப்பட்டன. "விட்டுடாதேங்கோ அண்ணை!" என்று நானே உற்சாகப்படுத்தினேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு ஃபைல். பேந்து இதை நிப்பாட்டலாம்."

பெட்டி நின்றால் மகள் விழிப்பாள், என் படிப்பும் நிற்கும். அன்றுமுதல் சாமிப்படத்தின் முன் நின்று, அண்ணைக்கு இன்றும் எரர் வரவேண்டும் என்று வேண்டினேன். வேண்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். இரண்டில் எதைக் கடவுள் கேட்டாரோ, பெட்டி தினமும் இரண்டு மணி நேரம் இரைந்தது. பயத்தில் அவரிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை.

தேறிவிட்டேன். செய்தி சொல்லக் கேசரியுடன் போனேன்.

"எரர் போச்சுதோ அண்ணை?"

"அது எப்பவோ போச்சு. கடைசி ஃபைல் எண்டு சொன்னதுக்கு அடுத்த நாளே."

"பேந்து ஏன் ஒவ்வொரு நாளும் ஓடினது?"

"முதலிலையிருந்து திருப்பித் திருப்பிக் கட்டினனான்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிப்பாட்டினால் பிள்ளை எழும்பிடுவாள் எல்லோ."

என் வேண்டுதல் அவருக்குத் தெரியாது. சொன்னால் சிரிப்பாரா, மனம் நோவாரா? சொல்லாமல் அவர் முகத்தைப் பார்க்கவும் கூசுகிறது. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள், வாசகர்களே? தயவுசெய்து எழுதுங்கள்.