அத்தையின் கண் ஆபரேஷன்

மருந்துக்கடைக்காரரின் இடது புருவத்துக்கு மேலே நர்ஸ் ஒரு சின்னப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, விரலால் அழுத்தியும் விட்ட பிறகுதான், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அவருக்கு உறைத்தது.

"சிஸ்டர், இது எதுக்கு?"

"எந்தக் கண்ணுல ஆபரேஷன்னு அடையாளம் சார். மாத்திப் பண்ணிடக் கூடாதில்ல."

"ஆளையே மாத்திட்டீங்களே. ஆபரேஷன் எனக்கில்ல, எங்க மாமியாருக்கு. நான் துணைக்கு வந்தவன்."

நர்ஸ் சிரித்தாள். "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு துணைக்கு வந்தவங்கதான் சார். போன வாரம் ஒருத்தர் ஏ.சி. ரிப்பேர் பண்ண வந்தேன்னு சொல்லி ஏணி கேட்டாரு. பயப்படாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருஷமாக மருந்து விற்கிறவர். ஊசி, கட்டுத்துணி, களிம்பு என்று அவர் கை படாத சாமான் கிடையாது. விற்பது வேறு, தன் உடம்பில் படுவது வேறு என்பதை மட்டும் அவர் வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

ஆனால் ஆபரேஷன் மாமியாருக்குத்தான், அதில் சந்தேகமே இல்லை. ஒரு மாதமாக வீட்டில் அந்த அம்மாள் கண் தெரியாமல் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. கதவில் இடித்துக்கொள்வார். டீயில் உப்பைப் போடுவார். தபாலில் எது வந்தாலும் தூக்கிக்கொண்டு மருமகனிடம் வந்து நிற்பார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மாப்பிள்ளை. எனக்கு எல்லாம் ஒரே புகையா இருக்கு."

மருந்துக்கடைக்காரருக்கும் புகையாகத்தான் இருந்தது. அவர் தாளைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணுமில்ல அத்தை, தண்ணி வரி" என்பார். ஒரே வாரத்தில் மூன்று தடவை தண்ணீர் வரி வந்தது. மாமியார் எதுவும் கேட்கவில்லை. "அப்படியா" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அதனால், "ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க, தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு, கூட வர்றீங்களா" என்று அவர் கேட்டபோது மருமகனுக்கு மறுக்க மனம் வரவில்லை. கடைக்கு ஒரு நாள் லீவு விட்டுவிட்டு, வீட்டில் கார் இருந்தும் டாக்ஸி வைத்துக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். மருத்துவமனைப் படியேறும்போது யார் யார் கையைப் பிடித்திருந்தார்கள் என்பதில் கொஞ்சம் குழப்பம் ஏற்பட்டது. முன்மேசையில் ஒரு தாளை நீட்டினார்கள். துணைக்கு வந்தவர் போடுகிற கையெழுத்து என்று நினைத்து, கேட்ட இடத்தில் போட்டார்.

"இருங்க, அவங்களையே கேட்டுடலாம்" என்று இப்போது எழுந்தார்.

மாமியார் சன்னல் ஓர நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் நேராக அங்கே போய்க் குனிந்தார். "அத்தை, இங்க ஆளை மாத்திப் பிடிச்சுட்டாங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

பதில் இல்லை. தூங்கிவிட்டாரோ என்று தோளைத் தொட்டு மெதுவாக உலுக்கினார். மாமியார் அப்படியே சரிந்து தரையில் விழுந்தார்.

நர்ஸ் வந்து அந்த மழைக்கோட்டை எடுத்து உதறி, மறுபடியும் நாற்காலியில் மாட்டினாள். பிறகு ஃபைலைத் திறந்து ஏதோ எழுதினாள்.

"என்ன எழுதறீங்க?"

"சும்மா, ஒரு குறிப்பு சார்."

அந்தக் குறிப்பை அழிக்க வைத்தே தீருவது என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும் சிஸ்டர். அங்க எழுத்து மாட்டியிருக்கீங்களே, கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டறேன், கேட்டுக்கங்க."

நிமிர்ந்து நின்று, எதிர்ச்சுவரைப் பார்த்து, "ம, ட, ப, ச" என்று ஆரம்பித்தார். தெரியாத இடங்களைத் தைரியத்தால் நிரப்பிக்கொண்டு நான்கு வரிகளையும் முடித்தார். காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள்.

"எழுத்துப் பலகை உள் ரூம்ல இருக்கு சார்" என்றாள் நர்ஸ். "நீங்க படிச்சது சன்னல் திரை. புள்ளி டிசைன்."

"தமாஷுக்குச் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் எழுந்து, அவர் கையைப் பிடித்து, நாற்காலி இருக்கும் இடத்தைத் தடவிக் காட்டி உட்கார வைத்தார். அந்த அன்புதான் அவரை அதிகம் புண்படுத்தியது.

"மேல பாருங்க" என்றாள் நர்ஸ். சொன்னதும் பார்த்துவிட்டார். இடது கண்ணில் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது.

"இது என்ன மருந்து?" என்று தொழில் புத்தியில் கேட்டார்.

"கண்பாப்பாவை விரிக்கிற மருந்து. டாக்டர் பார்க்கறதுக்கு."

இனி காகிதம்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. "அந்த ஃபைலைக் காட்டுங்க. யாரு பேரு போட்டிருக்குன்னு பார்த்துட்டா விஷயம் முடிஞ்சுது." வாங்கிக்கொண்டு தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "இந்த டாக்டருங்க கையெழுத்து இருக்கே, கடவுளுக்குத்தான் புரியும்."

"அது கம்ப்யூட்டர்ல அடிச்சது சார்."

"அதான் பார்த்தேன். எங்க அத்தை பேரு நல்லாத் தெளிவா இருக்கு."

நர்ஸ் ஃபைலைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் குரலிலிருந்த வேடிக்கை போய்விட்டது. "சரி சார். வாங்க, டாக்டரம்மாகிட்டயே சொல்லிடலாம்."

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, விளக்கை இப்படியும் அப்படியும் நகர்த்தி வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு. இடது கண்ணுல நல்லா முத்திடுச்சு. என்ன வேலை பார்க்கறீங்க?"

"மருந்துக்கடை."

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். "எத்தனை நாளா இப்படி?"

இரண்டு வருஷமாக மனைவியிடம்கூட மூச்சு விடாத விஷயம். முகம் தெரியாத இருட்டு அறையில் அது தானாக வெளியே வந்தது.

"ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர். பெட்டியோட கலரையும் அளவையும் வச்சுத்தான் சமாளிச்சுக்கிட்டிருந்தேன். போன மாசம் ஒரு அம்மா குழந்தைக்கு மாத்திரை வாங்க வந்தாங்க. பெரியவங்க மாத்திரையை எடுத்துக் குடுத்துட்டேன். படியிறங்கறதுக்குள்ள அவங்களே பார்த்துட்டுத் திரும்பி வந்தாங்க. திட்டக்கூட இல்ல. மாத்திக் குடுங்கன்னு மட்டும் சொன்னாங்க." அவர் மோவாயைத் தாங்கியிலிருந்து எடுத்தார். "அவங்க பார்க்காம விட்டிருந்தா?"



"அப்பவே வந்திருக்கலாமே" என்றார் டாக்டரம்மா.

"கண்ணு முழிச்சிருக்கும்போதே கத்தி வைப்பாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"மரத்துப்போக சொட்டு மருந்து விடுவோம். வெளிச்சம் மட்டும் தெரியும். கால் மணி நேர வேலை. உங்களுக்கு வேண்டாம்னா இப்பவே எழுந்து போகலாம். யாரும் வற்புறுத்த மாட்டோம்."

அவர் எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், மறுபடி பைக்குள் வைத்தார்.

"தப்பா நடந்ததும் ஒரு வகையில நல்லதுக்குத்தான் போல" என்றார் கடைசியில். "பண்ணிடுங்க. ஆனா எங்க அத்தைக்கு முதல்ல பண்ணுங்க, அவங்க தேதி இது. பாவம், ஒரு மாசமா கதவுல முட்டிக்கிட்டுக் கிடக்காங்க. எனக்குக் கடைசியாப் பண்ணாப் போதும்."

"உங்களுக்கு மருந்து விட்டாச்சு. நீங்க முதல்ல வாங்க" என்று டாக்டரம்மா எழுந்து போனார்.

நர்ஸ் படிவத்தை வரி வரியாக வாசித்துக் காட்டினாள். இந்தத் தடவை எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போட்டார். மற்றதெல்லாம் டாக்டரம்மா சொன்னபடியே நடந்தது. வெளிச்சம் தெரிந்தது. தண்ணீர் ஓடுவது போலக் குளிர்ந்தது. பத்து மாத்திரைகளின் பெயரை மனசுக்குள் அகர வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாவது மாத்திரையில் ஆபரேஷன் முடிந்துவிட்டது.

ஓய்வறையில் இடது கண்ணுக்கு மேலே கண்ணாடி போன்ற மூடியோடு உட்கார்ந்திருந்தார். மூடி வழியாக அறை இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குள் இருப்பது போலத்தான் தெரிந்தது. ஆனாலும் எதிரே பழரசக் கோப்பையோடு நின்ற நர்ஸின் சட்டை நீலம் என்பது தெரிந்தது. காலையிலிருந்து அதைச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.  அவசரமாக மாமியாரைப் பற்றி விசாரித்தார்.

"எங்க அத்தை முறை எப்போ சிஸ்டர்? அவங்க தனியா உக்காந்திருப்பாங்க, யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்குச் சுத்தமாக் கண்ணு தெரியாது."

நர்ஸ் பழரசத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு வாரமா ஃபோன் பண்ணி உங்களுக்குத் தேதி வாங்கினதே அவங்கதானே சார். உங்களை உள்ள அனுப்பிட்டு அப்பவே வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க, காரை எடுத்துட்டு வர்றேன்னு. அவங்களே ஓட்டிட்டு வந்துடுவாங்களாம்."