மாப்பிள்ளைக்கு வந்த பாரோங்

நீக்கிலாஸ் எழுந்தான். கேத்தலை அடுப்பில் வைத்தான். கறுப்புப் பாணில் இரண்டு துண்டு வெட்டி, மாஜரின் பூசி, நின்றபடியே தின்றான். தேத்தண்ணி குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சைக்கிளில் வேலைக்குப் போனான். டென்மார்க்கில் செஞ்சிலுவையின் அகதி முகாமை விட்டு ஒடென்சே நகருக்கு வந்த நாளிலிருந்து எல்லாக் காலையும் இதுதான். இப்போது 1986, மே மாதம்.

வேலை ஒரு சலவை ஆலையில். ஹோட்டல்களின் அழுக்கு விரிப்புகளை வான் வண்டியில் ஏற்றிவந்து, தோய்த்து, மடித்து, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அன்று திங்கட்கிழமை. ஹோட்டலின் பின்கதவில் லிகாயா நின்றாள். அறைகளைத் துப்புரவாக்கும் பிலிப்பீன்ஸ்காரி. ஞாயிறு பூசையில் அவனுக்கு முன்வரிசையில் இருப்பவள். ஒரு வருடமாக அவளுடைய பின்னலைப் பார்த்துத்தான் அவன் விசுவாசப் பிரமாணம் சொல்லிவந்தான். அவளோடு பேசியது குறைவு. பேசினால் அரை டேனிஷ், அரை ஆங்கிலம்.

அவள் ஒரு தட்டையான பெட்டியை நீட்டினாள்.

"இது பாரோங். எங்கள் நாட்டில் ஆண்கள் கல்யாணத்துக்குப் போடுவது. மாப்பிள்ளைக்கு உரியது. பெட்டிக்குள் கிடந்த மணம் வருகிறது. தோய்த்துத் தருவாயா? ஆலையில் வேண்டாம். உன் கையால்."

"எப்படித் தோய்ப்பது?"

"நீதானே சலவைக்காரன். உனக்குத் தெரியாததா?"

அவன் பெட்டியை நற்கருணை போலத் தூக்கிக்கொண்டு போனான்.

வீட்டில் அந்தோனிமுத்து பருப்பு அவித்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு. நீக்கிலாஸ் பெட்டியைத் திறந்தான்.

"உதென்னடா, நுளம்புவலையோ?"

"சேர்ட். அன்னாசி இலையின்ரை நாரிலை நெய்ததாம்."

"அன்னாசியிலையோ? ஆரடா உனக்குக் கதை விட்டவன்?" அந்தோனிமுத்து அதை வெளிச்சத்தில் பிடித்தான். நெஞ்சுப் பக்கம் முழுக்கக் கையால் தைத்த பூவேலை. மற்றப்பக்கம் அவன் முகம் அப்படியே தெரிந்தது. "இதைப் போட்டால் உன்ரை விலா எலும்பை எண்ணலாம். ஆர் தந்தது?"

"லிகாயா. மாப்பிள்ளைக்கு எண்டு சொன்னவள்."

அந்தோனிமுத்து அடுப்பை அணைத்தான்.

"மாப்பிள்ளைக்கு எண்டு சொல்லி உன்னட்டைத் தந்தவளோ?"

"ஓம்."

"விசரா, அப்ப ஆரடா மாப்பிள்ளை?"

நீக்கிலாஸ் சேர்ட்டைக் கையில் வாங்கினான். அவன் காது சிவந்தது.

போட்டுப் பார்த்தான். உள்ளே ஒன்றும் போடாமல், காற்சட்டைக்குள் விட்டு, பெல்ட்டை இறுக்கினான். அந்தோனிமுத்து சுற்றி நடந்து பார்த்தான்.

"எல்லாம் சரி. மஞ்சள் அடிச்சுப்போச்சு. வெள்ளைச் சேர்ட் எண்டால் வெள்ளையா இருக்க வேணும். பொறு, என்னட்டை நீலம் இருக்கு. கொழும்பிலை இருந்து கொண்டுவந்தது."

வாளியில் வெந்நீர் ஊற்றி நீலம் கரைத்தார்கள். யாழ்ப்பாணத்து வேட்டிக்கு எவ்வளவோ, அவ்வளவு. நீக்கிலாஸ் பாரோங்கை அமிழ்த்தினான். எடுத்தான்.

இருவரும் அதை வெளிச்சத்தில் பிடித்தார்கள். முழுக்க நீலம்.

"லூர்து மாதாவின்ரை இடுப்புப் பட்டி மாதிரி இருக்கு," என்றான் அந்தோனிமுத்து கடைசியில்.

"வாயை மூடு."

"வடிவான நிறம் எண்டுதான் சொல்லுறன்."

அடுத்த நாள் நீக்கிலாஸ் ஆலையிலிருந்து போத்தலில் கொஞ்சம் குளோரீன் கொண்டுவந்தான். நீலம் போய்விட்டது. கூடவே வேறு ஏதோவும் போய்விட்டது. துணி சோர்ந்து தொங்கியது. பூவேலையில் ஒரு நூல் வெளியே தலை நீட்டியது. இழுத்தான். ஒரு பூ முழுதாகக் கையோடு வந்தது.

"ஏன்ரா இழுத்தனீ?"

"நூல் எண்டு நினைச்சன்."

"நூல்தான். பூவின்ரை நூல்." அந்தோனிமுத்து துணியைத் தொட்டுப் பார்த்தான். "உயிரில்லை. கஞ்சி போடு. நிமிர்ந்து நிக்கும்."

சோறு வடித்த கஞ்சியில் தோய்த்து ஹீற்றருக்கு மேலே காயப்போட்டார்கள். புதன்கிழமை காலை அது மேலேயிருந்து விழுந்து, அறை நடுவில் தன் காலில் நின்றது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருந்தன.

"மாப்பிள்ளை எழும்பிட்டார்," என்றான் அந்தோனிமுத்து.

நீக்கிலாஸ் சிரிக்கவில்லை. பாணும் தின்னவில்லை. வேலைக்குப் போனான்.

ஹோட்டல் பின்கதவில் லிகாயா விரிப்பு மூட்டைகளை எண்ணாமலே வானுக்குள் தள்ளினாள்.

"பாரோங் எப்படி இருக்கிறது?"

"நிற்கிறது," என்றான். பிறகு, சும்மா கேட்பது போல, "அதைக் காற்சட்டைக்குள் விட்டுத்தானே போடுவது?" என்றான்.

"இல்லை, இல்லை. வெளியே விடுவது. உள்ளே மெல்லிய வெள்ளை பெனியன். பவுஸ்தினோவுக்கு அதெல்லாம் தெரியும்."

"யார் பவுஸ்தினோ?"

"மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மணிலாவிலிருந்து வருகிறார். அவர் அம்மாவும்தான். அடுத்த சனி கல்யாணம். அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரு பாரோங்கைப் போட்டுத்தான் கட்டினார்கள். அவர் தாத்தாவும், அப்பாவும். அது இல்லாமல் அவர் அம்மா மகனைக் கோயில் வாசல் மிதிக்கவும் விடமாட்டா. அதனால்தான் முதலே தபாலில் எனக்கு அனுப்பினா."

"உனக்கு ஏன்?"

"பெண் நான்தானே," என்றாள் லிகாயா.

வான் ஓட்டுபவன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான். நீக்கிலாஸ் அழுக்கு விரிப்புகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தான். அடுத்த ஹோட்டலில் அவன் இறங்கவில்லை. வான்காரனே எல்லாவற்றையும் ஏற்றினான்.

மாலையில் அந்தோனிமுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அப்ப விட்டெறி. இனி உனக்கென்ன?"

"அது இல்லாட்டி கலியாணம் நடக்காதாம்."

"நல்லதுதானே!"

"அவள் அழுவாளடா."

"அழட்டும். ஞாயிறு பூசைக்கு வருவாள்தானே. நீ பின்னாலை இருந்து ஆறுதல் சொல்லு."

நீக்கிலாஸ் அவனைப் பார்த்த பார்வையில் அந்தோனிமுத்து எழுந்து போய்க் கேத்தலை வைத்தான். அதைப் பார்த்ததும் நீக்கிலாசுக்கு ஒன்று தோன்றியது.

"தேயிலை."

"என்ன?"

"அது முதலிலை இருந்த நிறம். மஞ்சளுமில்லை, வெள்ளையுமில்லை. பால் கூடின பிளேன்ரி மாதிரி. தேத்தண்ணியிலை தோய்ச்சால் வரும்."

"பால் விட்டால் அது பிளேன்ரி இல்லை, பால் தேத்தண்ணி."

"தேயிலைச் சாயத்தை ஊத்து!"

வாளி நிறையச் சாயம். பாரோங் அதற்குள் இறங்கியது. கஞ்சி கனத்த இடத்தில் நிறம் கறுத்தது. கஞ்சி இல்லாத இடத்தில் ஏறவேயில்லை. எடுத்து விரித்தபோது நெஞ்சில் இரண்டு தீவுகள், முதுகில் ஒரு கண்டம்.

"டென்மார்க் தெரியுது," என்றான் அந்தோனிமுத்து. "இந்தா, ஒடென்சே இதிலை."

சுருக்கத்தை எடுத்தால் கறை குறைந்து தெரியும் என்று நீக்கிலாஸ் நினைத்தான். ஏன் அப்படி நினைத்தான் என்று அவனுக்கே பிறகு விளங்கவில்லை. ஸ்திரிக்கைப்பெட்டியை முழுச் சூட்டில் வைத்தான். நெஞ்சுப் பக்கத்தில், பூவேலையின் மேலே, வைத்து அழுத்தினான். சீறியது. எரிந்த சோற்று மணம் வந்தது. பெட்டியைத் தூக்கினான்.

பூவேலையும் பெட்டியோடு எழுந்து வந்தது.

பாரோங்கில் பெட்டியின் வடிவத்தில் ஒரு துவாரம். அதன் வழியே மேசை தெரிந்தது. நீக்கிலாஸ் பெட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். அந்தோனிமுத்து மெல்ல வந்து, சுவரிலிருந்த பிளக்கைக் கழற்றினான். அன்று அவன் பகிடி ஒன்றும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை நீக்கிலாஸ் முகம் மழித்தான். கோயிலுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டான். பாரோங் இருந்த பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஹோட்டல் பின்கதவுக்குப் போனான்.

"திற," என்றான். "பிறகு என்னை அடி. பொலிசைக் கூப்பிடு. மணிலாவுக்கு நானே பேசுகிறேன். மாப்பிள்ளையின் அம்மாவிடம் நான்தான் செய்தேன் என்று சொல்கிறேன்."

லிகாயா திறந்தாள். பாரோங்கைத் தூக்கிப் பிடித்தாள். துவாரத்துக்குள்ளால் அவள் கண் ஒன்று அவனைப் பார்த்தது. நீக்கிலாஸ் நிலத்தைப் பார்த்தான்.

"இதைத் திருத்த முடியுமா?"

"முடியாது."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் முடியாது."

"நான் இதில் கை வைத்தேனா?"

"இல்லை. எல்லாம் நான்தான்."

"மாதா மேல் சத்தியமாக?"

"சத்தியமாக."

அவள் விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். பாரோங்கில் முகத்தைப் புதைத்தாள். தோள்கள் குலுங்கின. நீக்கிலாஸ் கைக்குட்டையை எடுத்தான். அவள் நிமிர்ந்தாள்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளுக்கு என் அப்பாவின் வயது," என்றாள். "அம்மா என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டா. நான் வேண்டாம் என்றால் வீட்டில் யாரும் கேட்பதில்லை. பாரோங் இல்லை என்றால் அவர் அம்மாவே வேண்டாம் என்பா. இப்போதே ஃபோன் செய்கிறேன். விமானம் ஏறமாட்டார்கள்."

"அப்படியென்றால் நீயே கிழித்திருக்கலாமே!"

"நான் செய்தால் பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். அம்மா கேட்டால் பொய் சொல்லவும் வராது. இப்போது நான் சத்தியம் பண்ணலாம்."

வானின் ஹோர்ன் கேட்டது. நீக்கிலாஸ் அசையவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. அதற்கு வரவேண்டிய பதிலையும் அவன் மனதில் எழுதி வைத்திருந்தான்.

"இந்த ஊரில் இத்தனை பேர் இருக்க," என்றான், "ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தாய்?"

லிகாயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கள் ஆலைக்கு ஃபோன் செய்து, துணியைப் பாழாக்குவதில் அங்கே யார் முதல் ஆள் என்று கேட்டேன். நான் கேட்டு முடிக்கவில்லை, உன் பெயரைச் சொல்லிவிட்டார்கள்."