மந்திரவாதி ஒன்று, குதிரை இரண்டு

ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு ராஜ்யம் பிடிக்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுகள் இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. புதிதாக ஒன்று வெளியானால் போதும், ‘சொன்ன தேதிக்கு வரவில்லை’, ‘வந்ததும் பாதி வேக்காடு’, ‘போன பாகம்தான் உசத்தி’ என்று மணிக்கணக்கில் அலசுகிறார்கள். இதெல்லாம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பிறந்த சமாசாரம் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். விளையாட்டை யார் கண்டுபிடித்தார்களோ எனக்குத் தெரியாது. அந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை குறைகளையும் எழுபதுகளின் தொடக்கத்திலேயே, ஒரு பொட்டு மின்சாரம் செலவில்லாமல், போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் ஒரு கொசுவலைக்குள் உட்கார்ந்து கண்டுபிடித்தவர் எங்கள் ‘ரிலீஸ்’ அண்ணாச்சி.

பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது, வேறெங்கும் புழங்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். துறைமுக வேலைகளைக் கவனித்த ஒரு சர்க்கார் ஆபீசில் ஸ்டோர் கீப்பர். கயிறு, பெயின்ட், தார் எல்லாம் அவர் பொறுப்பு. நான் அதே ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க், அதாவது மெயின்லேண்டுக்குப் போகிற தபால் பையைக் கட்டி, அரக்கு வைத்துக் கப்பலேற்றுகிறவன். குவார்ட்டர்ஸில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை. நாற்பதைத் தொட்டும் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “நாலாம் பாகம் முடியட்டும்வே” என்பார்.

பாகம் என்றது அவர் உருவாக்கிய ‘ஏழு தீவு ராஜ்யம்’ என்ற விளையாட்டின் பாகம். காலாவதியாகிக் கழித்துப்போட்ட கடல் வரைபடங்களின் பின்பக்கத்தில் ஏழு தீவுகளை வரைந்திருந்தார். மலை, காடு, பூதம், பாழடைந்த கோட்டை எல்லாம் உண்டு. ஞாயிறு மத்தியானம் வரைபடத்தைத் தரையில் விரிப்போம். அவர் கட்டிலில் கொசுவலையை இறக்கிவிட்டு உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார், கையிலிருக்கும் ரகசியக் குறிப்பை நாங்கள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதாம். “முன்னால ஒரு குகை இருக்கு. உள்ள ஏதோ உறுமுது. என்ன செய்யப் போறீரு?” என்று வலைக்குள்ளிருந்து குரல் வரும். தெய்வம் பேசுகிற தோரணைதான். நடுநடுவே கொசு அடிக்கிற சத்தமும் கேட்கும்.

யாருக்கு என்ன வேஷம் என்பது கடற்கரையில் பொறுக்கிய சோழிகளை உருட்டி முடிவானது. ஒருமுறை ஏறிய வேஷம் சாகும்வரை இறங்காது என்பது சட்டம். எங்கள் ஆபீஸ் பியூன் வியாகுலம், தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், சக்கரவர்த்தி ஆனார். வயர்லெஸ் ஆபரேட்டர் சுப்பையா சேனாதிபதி. எங்களுக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருந்த வங்காளி ஹெட் கிளார்க் படா பாபுவுக்குச் சக்கரவர்த்தியின் குதிரைக்காரன் வேஷம் விழுந்தது. நான் தூதன். வாகனம், கழுதை. திங்கட்கிழமை ஆபீசில் வியாகுலம் டீ கொண்டுவந்து வைத்தால் படா பாபு தன்னை அறியாமல் நாற்காலியிலிருந்து அரை அங்குலம் எழுந்துவிடுவார். இது ஊழியர்களிடையே நல்லுறவு என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது.

மற்ற ஊர்களில் ராஜ்யங்கள் வாளால் நடக்கும். எங்கள் ராஜ்யம் இன்டென்டால் நடந்தது. ஸ்டோரிலிருந்து ஒரு சாமான் வேண்டுமென்றால் படிவத்தில் காரணம் காட்டி எழுதிக் கேட்க வேண்டும் அல்லவா, அந்த இன்டென்ட். சேனாதிபதிக்கு வாள் வேண்டுமானால் மூன்று பிரதி இன்டென்ட். குதிரை ஏற வேண்டுமானால் சக்கரவர்த்தி கையெழுத்து, குதிரைக்காரன் குறிப்பு. ஸ்டோர் கீப்பரின் கற்பனை வேறெப்படி ஓடும்? பூதம் எதிரே நிற்கும்போது சுப்பையா படிவம் பூர்த்தி செய்துகொண்டிருப்பார். பூதம் காத்திருக்கும். படா பாபுவுக்கு மட்டும் இது தாளவே தாளாது.

“கோடா மேரா, காஸ் மேரா, ஔர் பர்மிஷன் உஸ்கா? ஏ கைசா கேம் ஹை?” என்பார். குதிரையும் என்னுடையது, புல்லும் என்னுடையது, அனுமதி மட்டும் அவன் தருவதா என்பது அவர் கட்சி. பகலில் ஆபீசில் ஒரு பென்சிலுக்கு மூன்று பிரதி கேட்கிற மனிதர் இவர்.

புதிய பாகம் எப்போதும் கப்பல் வருகிற வாரத்தில்தான் வெளியாகும். சிவப்பு மசி மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். கப்பல் பத்து நாள் தாமதமானால் ரிலீசும் பத்து நாள் தள்ளிப்போகும். நாங்கள் துறைமுக ஜெட்டியில் நின்று, சொந்தக்காரர்களை எதிர்பார்ப்பவர்களை விட அதிகமாகத் தவிப்போம். வெளியான மறுநாளே பிரித்து மேய்ந்துவிடுவோம். எங்களில் தலைமை விமர்சகர் சுப்பையா. சிவகங்கைக்காரர், எதையும் பாராட்டினால் நாக்கு வெந்துவிடும் என்று நம்பியவர்.

“மொதப் பாகத்துல ஒரு உசிர் இருந்துச்சப்பா. இப்ப மனுசன் பேருக்கு எழுதுறாரு. அங்கிட்டு ஒரு தீவு, இங்கிட்டு ஒரு பூதம், அவ்வளவுதேன்” என்பார்.

நானும் சளைத்தவன் இல்லை. இரண்டாம் பாகத்தில் மூன்றாம் தீவின் மலைக்கு ஏறுகிற வழியை வரைந்தவர் இறங்குகிற வழியை வரைய மறந்துவிட்டார். நாங்கள் நால்வரும், ஒரு கழுதையும் உச்சியில் மூன்று ஞாயிறு நின்றோம். புகார் எழுதிக் கொடுத்தேன். நாலாவது ஞாயிறு கொசுவலைக்குள்ளிருந்து ஒரு திருத்தச் சுற்றறிக்கை வந்தது: ‘மேற்படி மலையில் மேற்குப் பக்கமாக ஒரு வழி இருந்ததாகக் கொள்ளவும்.’

தொழில் நிலவரமும் பேசுவோம். போட்டிக் கம்பெனி ஒன்று அபர்டீன் பஜாரில் முளைத்தது. ஒரு டெய்லர் ‘கொள்ளைக்காரர் கோட்டை’ என்று துணி மேல் தைத்தே வெளியிட்டார். இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து மொத்த ரசிகர்கள் ஒன்பது பேர். ‘சந்தை தாங்குமா?’ என்று சுப்பையா கவலைப்பட்டார். வடக்கே இருக்கிற லாங் ஐலண்ட் தீவில் காட்டிலாகா ஆட்கள் இரண்டாம் பாகத்தைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுத்து விளையாடுவதாகத் தெரிந்ததும் அண்ணாச்சி கொதித்தார். மறுநாள், “மலையிலேருந்து அவனுக எப்படிய்யா எறங்குனானுக?” என்று விசாரித்தார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

இந்த லட்சணத்தில் நாலாம் பாகம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. அப்போது நான் சொல்லவில்லை, ‘சுமார்’ என்றேன். ஐந்தாம் தீவில் ஒரு பூதம். வாளுக்கு அசையாது, மந்திரவாதி வந்தால்தான் தீரும். வியாகுலம் இன்டென்டில் கையெழுத்துப் போட்டார். காகிதப் பஞ்சத்தில் நாங்கள் உபயோகித்தது ஆபீசின் நிஜப் படிவம். அண்ணாச்சி ஸ்டோர் வழக்கப்படி இங்கிலீஷில் அதைப் பூர்த்தி செய்தார். மந்திரவாதி ஒன்று, குதிரை இரண்டு, வாள் நீளமானது ஒன்று. காரணம், பூதம். கேட்பவர், ஏழு தீவுகளின் சக்கரவர்த்தி. அத்தோடு விட்டாரா? நிஜம் போல் இருக்க வேண்டுமென்று ஸ்டோரின் ரப்பர் முத்திரையையும் குத்தினார். அதை மந்திரவாதி இருக்கிற ஆறாம் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது தூதனின் வேலை. நான் அதை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கப்பல் நாள். பதினொரு மணிக்குள் தபால் பைக்கு அரக்கு வைத்தாக வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போன ஆபீஸ் காகிதங்களைக் கைப்பையிலிருந்து அள்ளிப் போட்டேன். படிவமும் முத்திரையும் கண்ணில் பட்டால் கை தானாகத் தபால் பைக்குள் தள்ளிவிடும். படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் எந்த டெஸ்பாட்ச் கிளார்க்குக்கும் கிடையாது. கப்பல் கிளம்பியது. அடுத்த ஞாயிறு, “தூதரே, ஓலை எங்கே?” என்று வலைக்குள்ளிருந்து கேட்டபோதுதான் அது எங்கே போயிருக்கும் என்று எனக்கு உறைத்தது. தொலைந்துவிட்டது என்றேன்.

ஐந்து வாரம் கழித்து மெயின்லேண்டிலிருந்து பதில் வந்தது. குதிரைகளும் வாளும் கையிருப்பில் இல்லை. மந்திரவாதி தேவைப்படுவதற்கான காரணம் போதுமானதாக இல்லை. உள்ளூரிலேயே கிடைக்குமா என்று ஆராய்ந்து தெரிவிக்கவும். படா பாபு இதை உரக்கப் படித்தபோது ஆபீசே உருண்டு புரண்டு சிரித்தது, கடைசி வரி வரும்வரை. இது குறித்து நேரில் விசாரிக்க அடுத்த கப்பலில் அதிகாரி ஒருவர் வருகிறார் என்று அதில் இருந்தது.

வந்தார். நான்கு நாள் கப்பலில் வாந்தியெடுத்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

“யாருய்யா இந்த ஏழு தீவுச் சக்கரவர்த்தி?” என்றார்.

“நாந்தான் சார்” என்றார் வாசலில் டீத் தட்டோடு நின்ற வியாகுலம். “ஆறிப்போயிரும், எடுத்துக்கிடுங்க.”

படா பாபு மின்விசிறியை ஆராய்ந்தார். சுப்பையாவுக்கு அவசரமாக வயர்லெஸ் வந்துவிட்டது. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“நீதானே டெஸ்பாட்ச்? இது எப்படிப் பைக்குள்ள வந்துச்சு?”

எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் பாக்கி. ஊரில் அப்பா இல்லை, இரண்டு தங்கைகள். அண்ணாச்சி எனக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

“ஸ்டோர்லேருந்து வந்த பேப்பரோட சேர்ந்து வந்திருக்கும் சார்” என்றேன்.

அண்ணாச்சி என்னை ஒரு தடவை பார்த்தார். அதிகாரிக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இங்க பாருங்க. ஏதோ சின்னப்பிள்ளைத்தனமா கிறுக்கினேன், அது ஒண்ணுக்கும் உதவாத குப்பைன்னு எழுதிக் குடுங்க. எச்சரிக்கையோட முடிச்சுடறேன்.”

“முத்திரை வச்சது தப்பு சார், எழுதித் தாரேன்” என்றார் அண்ணாச்சி. “குப்பைன்னு மட்டும் எழுத மாட்டேன். மூணாம் பாகத்தைச் சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன். இது நாலாம் பாகம்.”

அண்ணாச்சிக்குக் கட்சாலுக்கு மாற்றல் வந்தது. தெற்கே, நிக்கோபாரில், சர்க்கார் ரப்பர் தோட்டம் போட்டிருந்த தீவு. அங்கேயும் ஸ்டோர்தான். ஜெட்டியில் வழியனுப்ப எல்லோரும் போனார்கள். படா பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுப்பையா, “அண்ணாச்சி, நாலாம் பாகத்துல ரெண்டாந் தீவு சவசவன்னு கெடக்கு. அங்கிட்டுப் போயாவது கொஞ்சம் விறுவிறுப்பாப் போடுங்க” என்றார். அண்ணாச்சி மெனக்கெட்டு நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். நான் தார் டிரம்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கப்பல் திரும்பும்வரை வெளியே வரவில்லை. அன்றைக்கு என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிறுகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. டெய்லரின் விளையாட்டை ஆடிப் பார்த்தோம். ஒரு படிவம்கூடக் கிடையாது, அதெல்லாம் ஒரு ராஜ்யமா? என் வேலை நிரந்தரமானது. மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அண்ணாச்சிக்குக் கடிதம் எழுத நாலு தடவை உட்கார்ந்து நாலு தடவையும் கிழித்தேன்.

ஒரு நாள் நிக்கோபார் கப்பலில் வந்த தபால் பையைப் பிரித்தேன். உள்ளே ஒரு தடித்த பொட்டலம். ஐந்தாம் பாகம். கூடவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கடிதம்: ‘இங்கே சிலோனிலிருந்து வந்த தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஆடுகிறார்கள். குறை சொல்வதில் சுப்பையாவைத் தூக்கிச் சாப்பிடுகிறார்கள். சிவப்பு மசி வந்தால் அனுப்பவும்.’

ஞாயிறு வரை பொறுக்காமல் விதிகளைப் புரட்டினேன். தூதனுக்குத் தனியாக ஒரு பக்கம் இருந்தது. ‘தூதன் ஓலையை வேறு தேசத்துக்கு அனுப்பிவிட்டான். அரசவையில் கேட்டபோது பண்டகசாலைக்காரன் மேல் பழியைப் போட்டான். தண்டனை: மூன்று ஆட்டம் கழுதை லாயத்தை விட்டு நகரக் கூடாது. பிறகு பழையபடி தூதன். இந்த ராஜ்யத்தில் வேறு தூதன் கிடையாது.’

டெஸ்பாட்ச் மேஜையில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். வியாகுலம் பார்த்துவிட்டு டீ வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு வந்தது. கொசுவலைக்குள் படா பாபு உட்கார்ந்து விதிகளை வாசித்தார். அவர் அதில் பாதியைத் தப்பாகத்தான் வாசித்தார். என் பக்கம் வந்ததும் சுப்பையா குதித்தார்.

“இது என்னப்பா அநியாயம்? மூணு ஆட்டம் சும்மா ஒக்காரணுமா? விடாத, எழுது புகாரு. நீ எழுதாட்டி நான் எழுதுறேன்.”

“ரூல் சரியாத்தான் இருக்கு” என்றேன்.

மூன்று ஞாயிறும் வரைபடத்தின் ஓரத்தில், லாயத்துக் கட்டத்தில் கழுதையோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது ஞாயிறு முடிந்ததும் அண்ணாச்சிக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தத் தடவை கிழிக்காமல், பையில் நிக்கோபார் கட்டுக்குள்தான் வைத்தேனா என்று நாலு முறை பார்த்து அரக்கு வைத்தேன். ‘ஐந்தாம் பாகம் ரொம்ப நன்றாக இருக்கிறது அண்ணாச்சி’ என்று மட்டும் எழுதியிருந்தேன்.