என் காரின் சுத்தமான காற்று

குடும்பத்தின் ஆரோக்கியத்தைப் பற்றிக் கவலைப்படுகிற ஆண்பிள்ளைக்கு எந்த வீட்டிலும் மரியாதை கிடையாது. குடித்துவிட்டு வருகிறவனுக்குக்கூட மோர் கரைத்துக் கொடுப்பார்கள். காரின் ஏசி பில்டரை மாற்றியவனுக்குக் கிடைப்பது நக்கல்தான். அனுபவித்தவன் சொல்கிறேன்.

என் மகள் டிலானிக்குத் தூசு பட்டால் மூச்சிழுக்கும். இழுப்பு வந்தால் பாட முடியாது. அவளோ மன்னார் டவுனில் நடக்கவிருந்த பாட்டுப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். விடத்தல்தீவிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் காற்று அள்ளி வரும் புழுதியில் பாதித் தொண்டை போய்விடும். கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டால், அதுவும் புழுதியைத்தான் துப்பியது. கழற்றிப் பார்த்தேன். பழைய பில்டரில் சருகுகளும் ஒரு பல்லியின் எலும்புக்கூடும் (ஆண்டவரே!) இருந்தன.

உடனே புதியது வாங்கினேன். சாதாரணமானதல்ல, கரி போட்டது. "எந்த மணத்தையும் இழுத்து வைச்சிருக்கும் அண்ணை," என்றான் கடைக்காரன்.

உறையைப் பிரித்தால் பசை மணம். பிள்ளைக்கு அதுவும் ஆகாதே என்று வெயிலில் போட முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் தலையணை, மிளகாய், நனைந்த பாடப்புத்தகம் எல்லாவற்றுக்கும் வைத்தியம் வெயில்தான். ஆனால் முற்றத்தில் வைத்தால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். வலை மூடிய, காகம் அண்டாத, நாள் முழுக்க வெயில் விழுகிற ஒரே இடம் மாமனாரின் கருவாட்டுப் பந்தல். கட்டா மீனுக்கும் திருக்கை மீனுக்கும் நடுவில் இடம் ஒதுக்கி வைத்தேன். (இதில் என்ன பிழை? நீங்களே சொல்லுங்கள்.)

பின்னேரம் எடுத்து முகர்ந்தேன். பசை மணம் போயிருந்தது. வேறு மணமும் தெரியவில்லை. கருவாடு காய்கிற வீட்டிலேயே வருடக்கணக்காகக் குடியிருக்கும் மூக்குக்கு என்ன தெரியும்? பெருமையோடு மாட்டினேன்.

போட்டியன்று மனைவி, மகள், மாமனார் எல்லோரும் ஏறினார்கள். வழியில் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சங்கீத ரீச்சரையும் ஏற்றினோம். முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை முழுதாகத் திருகினேன்.

"நல்ல குளிர்மை, தம்பி," என்றார் மாமனார்.

ரீச்சர் கைலேஞ்சியை மூக்கில் வைத்தார். "டிக்கிக்குள்ளை ஏதும் கொண்டு போறியளோ?"

"ஒண்டுமில்லை ரீச்சர். ஏன்?"

"ஒரு மணம்..."

"என்ன மணம்?" என்று நாங்கள் நால்வரும் ஒரே குரலில் கேட்டோம். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டோம்.

ரீச்சர் கண்ணாடியை இறக்கினார். புழுதி வந்தது, டிலானி இருமினாள். நான் ஏற்றினேன். ரீச்சர் ஓங்காளித்தார்.

"இது சுத்தமான காத்து, ரீச்சர்! இப்பதான் பில்டர் மாத்தினனான்!"

"ஐயோ, நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தியதும் தெருவோரம் குனிந்து காலையில் சாப்பிட்ட இடியப்பத்தை முழுக்க வெளியே விட்டார். டிலானி அவர் முதுகைத் தடவிவிட்டாள். மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, அந்தப் பில்டரை எங்கை காயப்போட்டனீங்கள்?"

"பந்தலிலை."

அவள் காரை விட்டு இறங்கினாள். (காரணம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.) ஒரு கைலேஞ்சியைத் தண்ணீரில் நனைத்து மகளின் மூக்கைச் சுற்றிக் கட்டினாள். பின்னால் வந்த பஸ்ஸை மறித்து, ரீச்சரையும் மகளையும் ஏற்றித் தானும் ஏறினாள். நான் எத்தனையோ இரவு ஆராய்ந்த பிரச்சினை, ஒரு ஈரக் கைலேஞ்சியில் முடிந்துவிட்டது!

மாமனாரும் இறங்கிப் போய் பஸ்ஸில் ஏறினார். அவருடைய கருவாடு! அவருக்கு என்ன ரோசம்?

"ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கு, பிள்ளைக்கு இழுப்பு வரும்!" என்று கத்தினேன். பஸ் போய்விட்டது. அந்தப் பஸ் கிளப்பிய புழுதிக்குப் பின்னால், தன்னந்தனியாக, சுத்தமான காற்றைச் சுவாசித்தபடி ஓட்டிக்கொண்டு போனேன்.

மண்டப வாசலை அடைந்தபோது டிலானி பாடிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்திலும் மூச்சு இடறவில்லை. முதலாமிடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்?

பில்டரை மறுநாளே வீசிவிட்டு வேறொன்று போட்டேன், வெயில் காட்டாமல். ஒருவரும் நம்பவில்லை. அடுத்த போட்டி வந்தபோது காரைக் கழுவித் துடைத்து நிறுத்தினேன். மகள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"கார் வேண்டாம் அப்பா. நீங்கள் மட்டும் வந்தால் காணும்."

அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் எங்கே புறப்பட்டாலும் எனக்குச் சொல்வது இதைத்தான். போன கிழமை தேவாலயத்துக்குப் பூசைக்குப் புறப்படும்போது மாமனாரும் அதையே சொன்னார், கையில் ஒரு பொதி கருவாட்டோடு!