எர்த் சாரும் பச்சை ஒயரும்

முடிச்சூரில் எங்கள் தெருவில் இருந்த எர்த் சாரைப் போல மின்சாரத்தைச் சந்தேகப்பட்டவர் இந்தப் பூமியில் பிறந்ததே இல்லை. கடன் தொல்லை, காதல் தோல்வி, கால் வலி என்று யார் எதைச் சொல்லி அழுதாலும், "வீட்ல எர்த் ஒழுங்கா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார். ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மின்சாரத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே உத்தியோகபூர்வத் தொடர்பு, ஒழுங்காகக் கரண்ட் பில் கட்டியதுதான்.

சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். கைப்பையில் இரண்டு ஒயர் முளைத்த ஒரு டெஸ்ட் பல்பு இருக்கும். வீட்டுக்குப் பின்னால் உப்பும் கரியும் கொட்டி எர்த் குழி வெட்டி, அது காயக்கூடாதென்று தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். தெருவே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற நாட்களிலும் குழிக்குக் குறை வைத்ததில்லை. துளசிக்கு மிச்சம் இருந்தால் உண்டு.

மகளுக்கு வரன் அமைந்து, கூடுவாஞ்சேரியில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பஜ்ஜி வந்தது. எர்த் சார் எழுந்து போய், டெஸ்ட் பல்பின் ஒரு ஒயரைப் பிளக்கின் கரண்ட் துளையிலும் இன்னொன்றை எர்த் துளையிலும் செருகினார். பல்பு எரியவில்லை. "எர்த்தே இல்லையே, பொண்ண எப்படி அனுப்புறது?" என்றார். மாப்பிள்ளையின் அப்பா ஒரு தலைமையாசிரியர். பஜ்ஜித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாரின் மனைவி போனிலேயே கெஞ்சி, அந்தச் சம்பந்தத்தை மீட்டெடுத்தார். நிச்சயதார்த்தம் பெண் வீட்டில், மே மாதத்தில். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் அந்த மனிதர் தட்டை மாற்றாமல் எழுந்துவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அன்னிக்கு ஒரு நாளாவது டெஸ்டர பீரோல வெச்சுப் பூட்டுங்க" என்றார் மனைவி.

பூட்டினார். ஆனால் அதற்குள் வேறொன்று வந்து சேர்ந்துவிட்டது. வெயிலுக்குக் குளிரும் குளிருக்குச் சூடும் தரும் ஹீட் பம்ப் ஒன்றை, வீடு முழுவதற்கும் சேர்த்து, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சார் மாட்டியிருந்தார். முடிச்சூரில் சூடு எதற்கு என்று கேட்டால் மார்கழி வராதா என்பார். அதை ஆட்டிவைக்க, அமெரிக்காவில் இருக்கும் மகன் ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் அனுப்பியிருந்தான். சுவரில் ஒட்டும் வட்டமான கண்ணாடி. போனிலேயே குளிரைக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஏசி மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், நீங்களே மாட்டிக்கினு கீறீங்க? நமக்கு எதுக்குப் பேஜாரு" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சார் தானே ஒயரிங் செய்தார். பல நிறங்களில் மெல்லிசு மெல்லிசான ஒயர்கள். தொட்டால் எறும்பு கடித்த அளவுகூட ஷாக் அடிக்காதவை. மற்றவற்றை நிறம் பார்த்து அதனதன் இடத்தில் முடுக்கினார். பச்சை வந்தபோது மட்டும் அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. அதைத் தனியே பிரித்து, பக்கத்து சுவிட்ச் போர்டின் எர்த்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நிச்சயதார்த்த நாளன்று கண்ணாடி பளபளவென்று எரிந்தது. வெளியே அதன் கம்ப்ரசர் உறுமியது. உள்ளே காற்று மட்டும் வரவில்லை. பட்டுப் புடவைகள் நனைந்தன. தலைமையாசிரியர் துண்டால் விசிறிக்கொண்டே சீலிங்கை முறைத்தார்.

"யோசிக்குது. ஸ்மார்ட் இல்லையா?" என்றார் எர்த் சார்.

தெருவில் ஓடி, நாலு வீட்டு ஸ்டாண்டு ஃபேன்களைக் கொண்டுவந்து வைத்தோம். மெஷினை அணைத்துவிட்டு, லக்னப் பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தார்கள். வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த மகன், பச்சை ஒயரை எங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டான்.

"எர்த்துலடா. பச்சைய வேற எங்க குடுப்பாங்க?"

"அப்பா, இதுல பச்ச மெஷினுக்குள்ள இருக்கற ஃபேனுக்குப்பா."

காற்றுத் தள்ள ஆள் இல்லாமல் காலையிலிருந்து சீலிங்குக்கு மேலே மெஷினின் குழாய்களில் உறைந்திருந்த பனிக்கட்டி, உருகத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. சீலிங் முனகியது. பிறகு ஒரு பலகை பிளந்து, தலைமையாசிரியர் தலையில் அத்தனை தண்ணீரும் கொட்டியது. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியவர் வீட்டில், வெள்ளம் கூரை வழியாக வந்தது.

வழுக்கி விழப்போன தலைமையாசிரியர், ஓடிக்கொண்டிருந்த ஸ்டாண்டு ஃபேனின் இரும்புத் தண்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். ஈரக் கை, ஈரத் தரை.

"பயப்படாதீங்க சம்பந்தி. எர்த் இருக்கு" என்றார் எர்த் சார்.

தலைமையாசிரியர் தண்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தட்ட மாத்தலாம். அப்புறம் நீங்க வந்து, எங்க வூட்லயும் ஒரு குழி வெட்டிக் குடுத்துடுங்க."

இப்போது மகள் கூடுவாஞ்சேரியில் சௌக்கியமாக இருக்கிறாள். சாரும் மனைவியும் அமெரிக்காவில் மகனோடு இருக்கிறார்கள். அங்கே தெர்மோஸ்டாட்டைத் தொட அவருக்கு அனுமதி இல்லையாம். போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். குழியைப் பற்றி அதிசயமாக எதுவும் சொல்லவில்லை. இந்த மேயில் தினமும் ஒரு குடம் தண்ணீரோடு அவர் வீட்டுப் பின்பக்கம் போகிறேன். தெருவில் யாராவது கேட்டால், செடிக்கு என்கிறேன். அங்கே செடி எதுவும் இல்லை.